ரிப்பேர் ஆனதா, ரிப்பேர் செய்யப்பட்டதா?

தெருவிளக்கு எரியவில்லை, சரிசெய்து தருமாறு நகராட்சி ஆணையருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுக. உயர்நிலை வகுப்புகளில் நாம் அடிக்கடி தரும் பயிற்சிதான். விடைத்தாளில் 'தி ஸ்ட்ரீட் லைட் இஸ் ரிப்பேர்ட்' என்ற வரி ஆங்கில ஆசிரியர்களுக்குப் பழகிப்போன ஒன்று. விளக்கு பழுதாகிவிட்டது என்று சொல்லவே மாணவர் நினைத்தார். ஆனால் அந்த வரியின் பொருள், விளக்கு சரிசெய்யப்பட்டுவிட்டது என்பதாகும். அப்படியானால் கடிதம் எதற்கு?

இது கவனக்குறைவால் வரும் பிழையன்று. தமிழ்ப் பேச்சில் 'ரிப்பேர்' என்றாலே பழுது. 'வண்டி ரிப்பேர்' என்றால் வண்டி ஓடவில்லை. ஆங்கிலத்திலோ அது பழுதை நீக்கும் செயல். அதன் லத்தீன் மூலத்துக்கு மீண்டும் ஆயத்தமாக்குதல் என்று பொருள். எனவே சிவப்பு மையால் அடித்துவிட்டால் மட்டும் போதாது. இரு பொருள்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்ட வேண்டும். பழுதைச் சொல்ல 'நாட் வர்க்கிங்' போதும். பேருந்து வழியில் நின்றுவிட்டால் 'பிரேக் டவுன்'.

அடுத்த சிக்கல் நம் 'சரிசெய்' என்ற சொல். மின்விசிறி, எழுத்துப்பிழை, அண்ணன் தம்பி சண்டை எல்லாவற்றையும் தமிழில் நாம் சரிசெய்துவிடலாம். ஆங்கிலத்தில் எதைச் சரிசெய்கிறோம் என்பதைப் பொறுத்து வினைச்சொல் மாறும்.

இயந்திரம், கட்டடம், சாலை என்றால் 'ரிப்பேர்'. ஓட்டை, விரிசல் போன்ற சேதங்களோடும் அது வரும். ஆனால் 'ரிப்பேர் தி ப்ராப்ளம்' என்று எழுத முடியாது. 'ஃபிக்ஸ்' இரண்டுக்கும் பொருந்தும். பேச்சுவழக்கில் அதற்கே செல்வாக்கு. ஒரு சிறு சங்கடம் உண்டு: பொருத்துதல் என்பதும் அதன் பொருளே. 'ஃபிக்ஸ் தி ஃபேன்' என்றால் விசிறியை மாட்டச் சொல்கிறாரா, பழுது பார்க்கச் சொல்கிறாரா என்பதைச் சூழலே சொல்லும். விண்ணப்பக் கடிதத்துக்கு 'ரிப்பேர்' நல்லது; குறையைக் களைய வேண்டும் என்று எழுதுவதானால் 'ரெக்டிஃபை'.

கிழிந்த சட்டை, செருப்பு, மீன்வலை, வேலி ஆகியவற்றுக்கு 'மெண்ட்'. இது 'அமெண்ட்' என்ற சொல்லின் தலை தேய்ந்த வடிவம். 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தைப் பாடம் நடத்தும்போது வரும் 'அமெண்ட்மெண்ட்' இதன் உறவுதான். ஒன்று ஊசிநூலோடு நின்றது, மற்றொன்று நாடாளுமன்றம் போயிற்று. சமூக அறிவியல் ஆசிரியரும் இதைச் சொல்லலாம்.

விடைத்தாள் பிழைக்குக் 'கரெக்ட்'. புதிருக்கும் கணக்குக்கும் 'சால்வ்'. அங்கே கண்டுபிடிக்க ஒரு விடை இருக்கிறது. வினாவுக்கு 'ஆன்சர்' செய்ய வேண்டும், 'சால்வ்' செய்யக்கூடாது. சண்டைக்கும் வழக்குக்கும் 'ரிசால்வ்' அல்லது 'செட்டில்'.

தொடக்க வகுப்புகளில் இத்தனையும் வேண்டாம். 'ரிப்பேர்', 'மெண்ட்', 'கரெக்ட்', 'சால்வ்' என நான்கு தலைப்புகளைப் பலகையில் எழுதி, கிழிந்த பை, உடைந்த நாற்காலி, எழுத்துப்பிழை, விடுகதை என்று எழுதிய சீட்டுகளை உரிய இடத்தில் வைக்கச் சொல்லலாம். சைக்கிள் பஞ்சர் சீட்டையும் சேருங்கள். ஒருவர் 'ரிப்பேர்' என்பார், இன்னொருவர் 'மெண்ட்' என்பார். இரண்டும் சரி.