எந்த ஊரு தம்பி?

உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல், கழுத்து வரைக்கும் வெந்நீரில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருக்கிற பெரியவர், "எந்த ஊரு தம்பி?" என்று விசாரித்தால் எப்படி இருக்கும்?

எனக்கு அந்த பாக்கியம் கிடைத்தது. ஜப்பானில், பெப்பு என்கிற ஊரில், ஒரு தெருமுனைக் குளியல் கூடத்தில்!

"இந்தியா" என்றேன், கூச்சத்தோடு. அடுத்து அவர் கேட்டதுதான் விசேஷம்.

"மலை மேல படிக்கறீங்களா?"

எனக்கு வயசு நாற்பத்து நாலு. முன்மண்டையில் முடி ராஜினாமா பண்ணி வருஷக் கணக்காகிறது. என்னைப் பார்த்து ஸ்டூடன்ட்டா என்கிறாரே... மனுஷர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. மொழிபெயர்த்துச் சொன்ன நேபாளப் பையன்தான் உற்சாகத்தில் மண்ணைப் போட்டான்.

"ரொம்ப குஷியாயிடாதீங்க சார். டூரிஸ்ட்டெல்லாம் பெரிய ஓட்டலோட போயிடுவாங்க. இந்த மாதிரி சின்ன இடத்துக்கு வர்ற வெளிநாட்டுக்காரன் ஸ்டூடன்ட்டாத்தான் இருப்பான்னு இவங்க கணக்கு!"

தப்பான கணக்கில்லை. டோக்கியோவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போனால் க்யூஷு தீவு. அதன் கிழக்குக் கரையில், ஒய்டா மாகாணத்தில் இருக்கிறது பெப்பு. மக்கள்தொகை சுமார் 1.1 லட்சம். வெந்நீர் ஊற்றுகள் மட்டும் 2,000-க்கு மேல்! சாக்கடை மூடியிலிருந்துகூட ஆவி வருகிறது. பூமிக்குள்ளிருந்து கொதித்து வரும் நீலக் குளத்துக்கும் சிவப்புக் குளத்துக்கும் 'நரகம்' என்றே பெயர் வைத்து, டிக்கெட் போட்டு விற்கிறார்கள்.

நரகம் கீழே. மேலே, மலை உச்சியில் ஒரு பல்கலைக்கழகம். ரிட்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம். பஸ்ஸில் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அங்கே படிக்கிற பசங்க ஊருக்குள் இறங்கி வருவதை 'கெகாய்' போவது என்கிறார்கள். அதாவது, கீழ் உலகம். தேவலோகத்திலிருந்து பூலோகத்துக்குக் கத்தரிக்காய் வாங்க வருகிற மாதிரி!

சுமார் 6,000 மாணவர்கள். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள், பிரதேசங்களிலிருந்து வந்தவர்கள். ஆரம்ப வருஷங்களில் கொரியா, சீனாவிலிருந்து நிறையப் பேர். பிறகு இந்தோனேசியா, வியட்நாம், வங்கதேசம், இலங்கை, நேபாளம், உஸ்பெகிஸ்தான் என்று வரிசை நீண்டுவிட்டது. ஜப்பான்காரப் பசங்களிலும் பலர் உள்ளூர் இல்லை. டோக்கியோ, ஒசாகாப் பக்கம்.

ஆக, பெப்புவில் படிக்கிறவனிடம் 'எந்த ஊரு?' என்று கேட்டால், 'பெப்பு' என்று பதில் வருவதுதான் அதிசயம்.

இத்தனை பேர் எதற்காக இந்த வெந்நீர் ஊரைத் தேடி வருகிறார்கள்? அவர்களாகத் தேடி வரவில்லை. ஊர்தான் அவர்களைத் தேடிப் போனது.

ஜப்பானில் 1992-ல் 18 வயசுக்காரர்கள் 20 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இன்று சுமார் 11 லட்சம். 2024-ல் பாதிக்கு மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களில் சீட் நிரம்பவில்லை. இருக்கிற கொஞ்சநஞ்ச இளசுகளும் பெரிய நகரங்களுக்கு ஓடிவிடுகிறார்கள். இதை முன்னாடியே மோப்பம் பிடித்தவர் ஒய்டா கவர்னராக இருந்த ஹிராமாட்சு. 'ஒரு கிராமம், ஒரு பொருள்' என்ற திட்டத்தால் பேர் வாங்கியவர். கியோட்டோவின் ரிட்சுமெய்கான் நிர்வாகத்தோடு கைகோத்தார். நிலத்தை நகரம் தந்தது. கட்டுகிற செலவில் பெரும்பங்கு மாகாணமும் நகரமும். 2000-ல் திறப்பு விழா!

'வரிப்பணம் இவ்வளவா? முன்பின் தெரியாத ஆட்கள் வந்தால் ஊர் தாங்குமா?' என்று முணுமுணுப்பும் இருந்தது. ஆனால் பல்கலைக்கழக ஆட்கள் நாடு நாடாகப் போய் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, இங்கிலீஷில் சேரலாம். கெட்டிக்காரனுக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியிலிருந்து முழுசு வரைக்கும் தள்ளுபடி. பிள்ளைகள் வந்து குவிந்தார்கள்.

வந்தவர்கள் சும்மா இல்லை. வெளிநாட்டு மாணவன் பாடம் நடக்கிற நாட்களில் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது சட்டம். என்னைக் குளிக்கக் கூட்டிப் போன பையனும் நான் தங்கிய விடுதியில் படுக்கை விரிக்கிறவன்தான். ஓட்டல், கடை, சமையலறை... எங்கே பார்த்தாலும் இவர்கள் கைதான். 2020-ல் கொரோனாவுக்காக ஜப்பான் கதவைச் சாத்தியபோது புதுப் பசங்கள் பலர் 2022 வரைக்கும் சொந்த ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பாடம் படித்தார்கள். பிள்ளைகள் இல்லாத பெப்பு எப்படி இருக்கும் என்று பெப்புவுக்கே அப்போதுதான் தெரிந்தது.

இன்னொரு கேள்வியும் மிச்சமிருக்கிறது. படிக்க வந்தவர்களில் சிலரும், பாடம் நடத்த வந்த சிலரும் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். ஊரில் மசூதி வந்தது. அப்புறம், தங்கினவர் இறந்தால்? ஜப்பானில் 99 சதவிகிதத்துக்கு மேல் தகனம்தான். முஸ்லிம்களுக்கு மண் வேண்டும். பக்கத்து ஹிஜி என்ற சிற்றூரில் அடக்க இடம் கேட்டார்கள். 'நிலத்தடித் தண்ணீர் கெட்டுப் போகும்' என்று எதிர்ப்பு. பல வருஷம் பேசி 2023-ல் ஒரு உடன்பாடு வந்தது. 2024-ல் புதிதாக ஜெயித்த மேயர், நிலம் தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டார்.

வரவேற்க ஆறாயிரம் பேருக்கு இடம் இருந்தது. ஆறடிக்குத்தான் பஞ்சாயத்து!

குளித்து முடித்துத் துவட்டும்போது பையனைக் கேட்டேன்: "படிப்பு முடிஞ்சதும் என்ன ப்ளான்?"

"ஏப்ரல்ல டோக்கியோ, சார். வேலை கிடைச்சாச்சு."

"இங்கயே ஏதாவது?"

"ஆசைதான். ஆனா சம்பளம் அங்கதானே இருக்கு? இன்டர்வியூல 'எந்த ஊரு?'ன்னாங்க. 'பெப்பு'ன்னேன். 'அதுக்கு முன்னாடி?'ன்னாங்க."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மெட்ராஸ் மேன்ஷன் அறைகளில் இதே 'அதுக்கு முன்னாடி?'க்கு எத்தனை பேர் பதில் சொல்லியிருப்போம்!

பெரியவர் ஏதோ சொன்னார். பையன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான்.

"எல்லாப் பசங்களும் நல்லாப் படிக்கறாங்க. பழகறாங்க. அப்புறம் டோக்கியோ போயிடறாங்க. நீங்களாவது படிப்பு முடிஞ்சதும் இங்கயே இருங்கன்னு சொல்றார், சார்."

நான் மாணவன் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

"ஹாய்" என்றேன். ஜப்பானிய மொழியில், 'சரிங்க' என்று அர்த்தம்.