எந்த மண்ணுக்கு எந்த டயர்? சரக்கு வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு

வீடு தேடிச் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் இனி மளிகை வியாபாரம் நிற்காது என்ற நிலைக்கு நாம் வந்துவிட்டோம். போனில் சொன்னால் அரை மணியில் வரவேண்டும் என்று வாடிக்கையாளர் எதிர்பார்க்கிறார். அதனால் இரண்டு சக்கர வண்டி இல்லாத கடை இன்று அநேகமாக இல்லை. வண்டி வாங்கும்போது மைலேஜ், தவணை, விலை எல்லாவற்றையும் அலசுகிறோம். டயர் மாற்றும் நாளில் மட்டும் பையனிடம் பணத்தைக் கொடுத்து, "ஏதாவது நல்லதாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வா" என்று அனுப்பிவிடுகிறோம். அவனும் பார்வைக்கு முரட்டுத்தனமாக இருப்பதைப் போட்டுக்கொண்டு வருகிறான்.

பெரிய முதலியார்சாவடியிலிருந்து மரக்காணம் வரை உள்ள தூரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் நாலு விதமான தரை இருக்கிறது. காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல தார். சாலைக்குக் கிழக்கே குப்பங்களுக்கு இறங்கினால் மணல். மேற்கே இடையன்சாவடி, குயிலாப்பாளையம் பக்கம் ஏறினால் சரளை கலந்த செம்மண் மேடு. மரக்காணத்தை நெருங்கினால் உப்பளக் கரையும் கழுவெளி ஓரத்துக் களிமண்ணும். நாலுக்கும் பொருந்தும் டயர் என்று எதுவும் உலகத்தில் கிடையாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

டயரின் மேல் உள்ள கட்டைகளை நாம் பட்டன் என்கிறோம். அந்தப் பட்டன்களின் உயரம், அவற்றுக்கு நடுவில் விட்ட இடைவெளி, ரப்பரின் கெட்டித்தன்மை ஆகிய மூன்றில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஈரக் களிமண்ணில் ஓட்டும்போது மண் பட்டன் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். அடைத்தபின் எந்த உயர்ந்த டயரும் மொட்டை டயர்தான். இடைவெளி அகலமாக இருந்தால் சக்கரம் சுற்றும் வேகத்திலேயே மண் உதிர்ந்து, பட்டன் மீண்டும் கடிக்கும். ஆகவே இளகிய மண்ணுக்கு உயரமான, தள்ளித் தள்ளி வைத்த பட்டன் வேண்டும். செம்மண் மேடு அப்படியல்ல. காய்ந்த காலத்தில் அது கல் மாதிரி கிடக்கும், மேலே சரளை உருளும். பட்டன் அங்கே உள்ளே இறங்காது, மேலே நின்று ஆடும். அதற்குக் குட்டையான, நெருக்கமான பட்டன்தான் ஏற்றது. பந்தய வண்டிகளுக்கு டயர் செய்பவர்கள் கெட்டித் தரைக்கு மெத்தென்ற ரப்பரையும், இளகிய தரைக்குக் கெட்டி ரப்பரையும் போடுவது வழக்கம். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும் காரணம் எளிது: தரை விட்டுக்கொடுக்காத இடத்தில் ரப்பர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

மணலில் பட்டனைவிடக் காற்றுதான் முக்கியம். மூட்டைகளோடு பின்சக்கரத்தின் மேல் 140 கிலோ பாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 பாயிண்ட் காற்றில் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 65 சதுர சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கையளவு. 20 பாயிண்டுக்கு இறக்கினால் அது 100 சதுர சென்டிமீட்டருக்கு வந்துவிடும். பாரம் பரவுவதால் சக்கரம் புதையாது. 2015ஆம் ஆண்டு தக்கார் பந்தயத்தை ஓட்டி முடித்த முதல் இந்தியர் என்று பெயரெடுத்த பெங்களூர் வீரர் சி.எஸ்.சந்தோஷ் போன்றவர்கள் ஓட்டும் பாலைவனப் பந்தய வண்டிகளில் டியூபே இருக்காது. டயருக்குள் நுரை வளையத்தைத் திணித்திருப்பார்கள். பஞ்சர் என்ற பேச்சே இல்லை. ஆனால் அவர்கள் பின்னால் சர்க்கரை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதில்லை. நாம் பாரத்தோடு காற்றை இறக்கினால் டயரின் பக்கவாட்டு மடிந்து சூடேறும். கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும். அதைவிட மோசம், ரிம்மின் மேல் டயர் நழுவிச் சுற்றி, டியூபையும் இழுத்து, வால்வை வேரோடு பிடுங்கிவிடும். ஆகவே குப்பத்துக்குள் இறங்கும்போது நாலைந்து பாயிண்ட்டுக்கு மேல் இறக்க வேண்டாம், மெதுவாகத்தான் ஓட்டவேண்டும், தார்ச் சாலைக்கு ஏறுமுன் மறுபடி அடித்துவிட வேண்டும். சீட்டின் கீழ் ஒரு சிறிய பம்பு இருந்தால் போதும். இதைச் செய்யப் பொறுமையில்லாதவர்கள் காற்றைத் தொடாமல், சாலையோரம் வண்டியை நிறுத்தி, மூட்டையைத் தோளில் தூக்கிப்போவதே நல்லது. அவர்களைக் குறை சொல்லமாட்டோம்.

இனி, பட்டன் டயர் மோகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு சில்லறைக் கடைக்காரர், மழைக்காலம் வருகிறதே என்று முன்னும் பின்னும் பெரிய பட்டன் டயராகப் போட்டார். உப்பளப் பக்கம் வண்டி யானை மாதிரி போயிற்று. கார்த்திகை மழையில் ஒரு நாள் இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரேக் பிடித்தபோது முன்சக்கரம் வழுக்கி, வண்டியும் பையனும் சாலையின் குறுக்கே சறுக்கிப் போனார்கள். பின்னால் வந்த பஸ் டிரைவர் சுதாரித்ததால் பையன் தோள்பட்டை எலும்போடு தப்பினான். ஈரத் தாரில் பெரிய பட்டன் டயர் தரையைத் தொடும் இடம் மிகக் குறைவு. நுனியில் நிற்கும் பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போது வளைகின்றன. வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கிறது, வளைவில் நெளிகிறது, பட்டனும் சீக்கிரம் தேய்கிறது. களிமண்ணில் விழுந்தால் சட்டை அழுக்காகும், மூட்டை நனையும். பஸ்ஸும் லாரியும் பறக்கும் சாலையில் விழுந்தால் என்னவாகும் என்பதை எழுத வேண்டியதில்லை.

ஆகவே நாம் சொல்லும் முறை இதுதான். ஒரு வாரம் பையனிடம் நோட்டைக் கொடுத்து, எந்தத் தரையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினான் என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளுக்கு நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தார் என்றுதான் கணக்கு வரும். அவர்களுக்கு முன்சக்கரத்தில் நடுவில் கோடும் ஓரத்தில் சிறு கட்டைகளும் கலந்த சாதாரண டயர். பின்சக்கரத்தில் நெருக்கமான நடுத்தரக் கட்டை கொண்ட, இரண்டு தரைக்குமான டயர். பின்சக்கரம் மண்ணில் தள்ளுவதற்கு, முன்சக்கரம் தாரில் நிறுத்துவதற்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். உப்பளத் தொழிலாளர்களுக்கும் கழுவெளி ஓரக் கிராமங்களுக்கும் தினம் சரக்கு போடுகிற கடை என்றால் மட்டும் பெரிய பட்டன் வாங்கலாம். அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு அனுப்பாமல், வேறொரு வண்டியை அதற்கு வைத்துக்கொள்ளவேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் உப்பு வாருவது நின்றுவிடும். அதற்குப்பின் கரைமேல் எந்த டயரை நம்பியும் வண்டியை ஏற்றாதீர்கள். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பெய்த பெய்யில் பாத்தி எது, வழி எது என்றே தெரியவில்லை.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டைப் படித்துப் பாருங்கள். உதாரணமாக எக்ஸ்.எல். 100 வண்டிக்கு 2.50-16 அளவு, 41-எல், 6 பி.ஆர். என்று இருக்கும். 16 என்பது ரிம்மின் அங்குலம். 41 என்பது பாரத்தின் குறியீடு, அந்த டயர் 145 கிலோ தாங்கும். எல் என்பது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் வரை. 6 பி.ஆர். என்பது உள்ளிருக்கும் நூலடுக்கின் பலம். விலை குறைவு என்று இதைவிடக் குறைந்த எண்ணுள்ளதைத் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். மூட்டை ஏற்றும் வண்டிக்குப் பட்டனைவிட இந்த எண்தான் முதலில் பார்க்கவேண்டியது. அகலம் அதிகமாக இருந்தால் மணலில் நன்றாகப் போகுமே என்று பெரிய அளவைத் திணிப்பவர்களும் உண்டு. அது செயினிலோ மட்கார்டிலோ உரசும். களிமண்ணில் போனால் மட்கார்டுக்குள் மண் இறுகிச் சக்கரமே நின்றுவிடும்.

பருப்புப் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் நாம் வாங்குவோமா? டயரிலும் தேதி உண்டு. நாலு இலக்க எண் ஒன்று சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடை வாசலில் வெயிலில் வருடக்கணக்காகத் தொங்கிய டயர் பளபளப்பாகவே இருக்கும், பக்கவாட்டை அழுத்தினால் மெல்லிய வெடிப்பு தெரியும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அந்தப்படியே மாட்டியிருக்கிறதா என்று மெக்கானிக் இருக்கும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய டயரை எப்போது கழற்றுவது என்பதற்கும் கணக்கு உண்டு. மோட்டார் வாகன விதிப்படி இருசக்கர வண்டிக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளத்துக்குள் சிறு மேடு போல அடையாளம் வார்த்திருப்பார்கள், பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது. நம் மழைக்கு அதுவரை காத்திருப்பதும் அதிகம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

உப்பளம் போய்வரும் வண்டிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. உப்புத் தண்ணீர் ரப்பரை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. அது தின்பது ரிம்மையும் ஸ்போக் நிப்பிளையும். துருப்பிடித்த ரிம்மின் உள்விளிம்பு டியூபை அறுக்கும். டயரைக் குறை சொல்லி மாதம் இரண்டு பஞ்சர் போடுகிற கடைகளில் பாதிக்குக் காரணம் இதுதான். சாயங்காலம் வண்டி திரும்பியதும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிச் சக்கரத்தைக் கழுவச் சொல்லுங்கள். டயர் மாற்றும்போது ரிம்மைத் தேய்த்து, நிப்பிள்களின் மேல் வரும் ரப்பர் பட்டையையும், டியூபையும் புதிதாகப் போடுங்கள். புது டயருக்குள் பழைய டியூபை மடித்துத் திணிப்பது சிக்கனமல்ல.

விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் டயர் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய சரக்கு என்று சொல்லிப் பழைய வரியைக் கேட்டால், பில்லில் வரி விகிதத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.