மூணாறுக்குப் பக்கம்தான்... ஆனா ரொம்ப தூரம்! இடமலைக்குடியில் வாழ்க்கை எப்படி இருக்கு?

மூணாறு ட்ரிப் போனவங்க ராஜமலையில வரையாட்டோட ஒரு போட்டோ எடுக்காம திரும்ப மாட்டாங்க. பெரும்பாலானவர்களுக்கு மூணாறு அங்கேயே முடிந்துவிடும். ஆனால், அதையும் தாண்டி ஒரு பாதை பெட்டிமுடிக்குப் போகிறது. தேயிலைத் தோட்டம் முடிந்து மழைக்காடு ஆரம்பிக்கும் இடம் அது. அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது, இடமலைக்குடி.

2010-ல் உருவான கேரளாவின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்து இது. 'கிராமம்'னு சொன்னதும் ஒரு தெரு, ஒரு டீக்கடை, ஒரு பஸ் ஸ்டாப்னு கற்பனை பண்ணிடாதீங்க. சுமார் 100 சதுர கிலோமீட்டர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட குடிகள் சிதறிக் கிடக்கின்றன. எல்லாக் குடிகளையும் சேர்த்தாலே மக்கள்தொகை சில ஆயிரங்களைத் தாண்டாது. உள்ளே இருக்கும் சில குடிகளுக்குப் பெட்டிமுடியிலிருந்து 18 கிலோமீட்டர் வரை காட்டுப் பாதை. யானை, அட்டை, மழை எல்லாம் துணைக்கு வரும்!

யார் இந்த முதுவான்கள்?

இங்கே வாழ்பவர்கள் முதுவான் பழங்குடியினர். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களே வழிவழியாகச் சொல்லும் கதை. வரும்போது குழந்தைகளையும் பொருள்களையும் முதுகில் சுமந்து வந்ததால் 'முதுவான்' என்று பெயர் வந்ததாம். அவர்கள் வீட்டில் பேசும் மொழிக்கு எழுத்து கிடையாது. ஆனால், காது கொடுத்துக் கேட்டால் தமிழுக்கு ரொம்ப நெருக்கமாக இருக்கும்.

கேழ்வரகு சாப்பாட்டுக்கு, ஏலக்காய் காசுக்கு. இதுதான் பல குடும்பங்களின் கணக்கு. ஒவ்வொரு குடிக்கும் ஒரு தலைவர் உண்டு. கல்யாணம் ஆகாத பசங்க ராத்திரி சேர்ந்து தங்கும் வழக்கமும் இருந்துவருகிறது.

தூரத்துக்கு ஒரு விலை இருக்கு!

நமக்கு தூரம்னா அரை மணி நேரம் கூடுதல் டிராஃபிக். அங்கே தூரம் என்பது தினசரி பட்ஜெட்டில் ஓர் அயிட்டம். அரிசி, உப்பு, சிமென்ட் எதுவானாலும் ஜீப் வாடகையும் சுமை கூலியும் ஏறியபிறகுதான் வீட்டுக்கு வரும். அதே பாதையில் வெளியே போகும் ஏலக்காய்க்கோ, அந்தச் செலவு விலையில் கழிந்துவிடும். அதாவது வாங்கும்போதும் நஷ்டம், விற்கும்போதும் நஷ்டம்.

உடம்பு சரியில்லைன்னா இன்னும் மோசம். நடக்க முடியாத நோயாளியைத் துணியில் தூளி மாதிரி கட்டி, கம்பில் மாட்டி, ஆட்கள் மாறி மாறித் தோளில் சுமந்து வர வேண்டும். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கும் இதே வழிதான். இதைவிட விசித்திரம் என்ன தெரியுமா? பல வருடங்களாக இந்தப் பஞ்சாயத்தின் அலுவலகமே காட்டுக்கு வெளியே, தேவிகுளத்தில்தான் இயங்கியது. ஒரு சான்றிதழுக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

பள்ளிக்கூடக் கதையும் அப்படித்தான். சின்ன வகுப்புகள் காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. மேலே படிக்க மூணாறு போன்ற ஊர்களில் விடுதியில் தங்க வேண்டும். வீட்டில் பேசுவது முதுவான் மொழி, பாடம் நடப்பது மலையாளத்தில். பத்து வயதில் அம்மாவையும் மொழியையும் ஒரே நாளில் விட்டுட்டு வரும் ஒரு குழந்தையை நினைச்சுப் பாருங்க. பாதியில் படிப்பை விட்டுத் திரும்புவதற்கு 'ஆர்வமில்லை' என்று மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது.

அதே ஊரில்தான் ஒரு டீக்கடை நூலகமும் இருந்தது. இருப்புக்கல்லுக்குடியில் ஒரு பெரியவர் தன் டீக்கடையிலேயே சுமார் 160 புத்தகங்களை வைத்து இரவல் கொடுத்துவந்தார். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்கு இது தெரிந்தது. இருந்தவை துப்பறியும் நாவல்கள் அல்ல. பஷீர், எம்.டி.வாசுதேவன் நாயர், மலையாளத்தில் சிலப்பதிகாரம்!

தூரம் காப்பாற்றவும் செய்தது

இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரியில் கேரளாவில்தான் கண்டறியப்பட்டார். இடமலைக்குடியில் முதல் தொற்று பதிவானது 2021 ஜூலையில். இடையில் ஒன்றரை வருடம்! தொலைவு மட்டும் காரணமல்ல. வெளியாட்கள் வரக்கூடாது, நாமும் தேவையில்லாமல் வெளியே போகக்கூடாது என்று மக்களே முடிவெடுத்துக் கடைப்பிடித்தார்கள்.

அதற்காக 'காட்டு வாழ்க்கை சொர்க்கம்'னு சொல்லிட முடியாது. மாதவிடாய் நாள்களில் பெண்கள் தனிக்குடிலில் தங்கும் வழக்கம் முதுவான்களிடம் உண்டு. அதைத் தவிர்க்கப் பல பெண்கள் கருத்தடை மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கியது செய்தியானது. ஒரு வழக்கத்தை எதிர்த்துப் பேச இடமில்லாதபோது, உடம்பு அந்த விலையைக் கொடுக்கிறது. இந்தப் பிரச்னையை ரோடு போட்டுத் தீர்க்க முடியாது.

சிக்னல் வந்தாச்சு... இனி?

சமீப வருடங்களில் இடமலைக்குடிக்கு மொபைல் நெட்வொர்க் வந்திருக்கிறது. சாலை வேலையும் நடக்கிறது. 'போனில் ரீல்ஸ் பார்த்து கெட்டுப்போவாங்க' என்று இங்கே உட்கார்ந்து கவலைப்படுவது சுலபம். கொஞ்சம் வேறு மாதிரி யோசிங்க. ஏலக்காய்க்கு இடுக்கியின் புத்தடியிலும் நம்ம போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலம் நடக்கிறது. அந்த விலை ஆன்லைனில் வெளியாகிறது. இன்றைய விலை கையில் இருக்கும்போது, வியாபாரி சொல்வதுதான் விலை என்ற நிலை மாறும். அதேபோல, ராத்திரி வலி எடுத்தால் ஜீப்பை வரச் சொல்ல ஒரு போன் கால் போதும்.

சாலை விஷயம் கொஞ்சம் சிக்கலானது. நோயாளி வெளியே போகும் அதே வழியில்தான் பிளாஸ்டிக்கும் சாராயமும் ரிசார்ட் கனவோடு வருபவர்களும் உள்ளே வருவார்கள். மலையும் சும்மா இருக்காது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, இந்தப் பாதையின் வாசலான பெட்டிமுடியில் நடந்த நிலச்சரிவில் 70 பேர் பலியானார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். எங்கே வெட்டுகிறோம், எவ்வளவு வெட்டுகிறோம் என்பது அங்கே உயிர்ப் பிரச்னை.

இதற்குத்தான் 2006 வன உரிமைச் சட்டம் முக்கியம். அந்தச் சட்டப்படி கிடைக்கும் நிலம் பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் யாருக்கும் விற்க முடியாது. சாலை, பள்ளி, மருத்துவமனை போன்ற வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலம் ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. அதற்கும் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஆக, 'சாலை வேணுமா, வேண்டாமா'ங்கிறதை கலெக்டரோ, சுற்றுலாப் பயணியோ, கட்டுரை எழுதும் நாமோ முடிவு பண்ண வேண்டியதில்லை. அவங்க முடிவு பண்ணட்டும்.

அங்குள்ள இளைஞர்களின் எதிர்காலமும் இதில்தான் இருக்கிறது. நர்ஸ், ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், வனக் காவலர், பஞ்சாயத்து ஊழியர்... காட்டுக்குள் வேலை இருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்கத் தயங்கும் வேலை. விடுதியில் தங்கிப் படித்த ஒரு முதுவான் பெண் நர்ஸாகத் திரும்பி வந்தால், நோயாளியிடம் சொந்த மொழியிலேயே பேசுவார். தனிக்குடில் பற்றியும், மாத்திரை பற்றியும் வீட்டுப் பெண்ணாக உட்கார்ந்து பேசக்கூடியவர் அவர்தான். அப்படிப் படிக்கப் போகிறவருக்கு, போக ஒரு வழியும் திரும்பி வர ஒரு வேலையும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் குடி காலியாகும் அல்லது அப்படியே தேங்கி நிற்கும்.

இதைப் படிச்சுட்டு 'அடுத்த ட்ரிப் இடமலைக்குடி'ன்னு பிளான் போடுறீங்களா? வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அது நல்லதுக்குத்தான். அது ஒரு சுற்றுலாத் தலம் இல்லை, சில நூறு குடும்பங்களோட வீடு!