பித்தளையும் கண்ணாடியும்: பழைய இத்தாலியச் சுவர் விளக்குகளின் பெறுமதி

பழைய சாமான் என்றால் புதியதை விட மலிவு என்பதுதான் நம்மில் பலருடைய கணக்கு. ஆனால் வருடம் போகப் போக விலை ஏறும் சரக்குகளும் உண்டு. 1950களில் இத்தாலியில் செய்யப்பட்ட பித்தளை, கண்ணாடிச் சுவர் விளக்குகள் அந்த வகையைச் சேர்ந்தவை. வீட்டு அலங்காரப் பொருட்கள் விற்பவர்கள் இவற்றைப் பற்றி அறிந்திருப்பது நல்லது என்பதால் இவ்வாரம் எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்தில் மிலான் நகரம் குண்டுவீச்சினால் பெரும் சேதமடைந்தது. யுத்தம் முடிந்ததும் வீடுகளும் ஹோட்டல்களும் புதிதாக எழுந்தன. அவற்றுக்கு விளக்குகள் தேவைப்பட்டன. பழைய பூவேலைப்பாடுகளை விட்டு, எளிய வடிவில் விளக்குகளைச் செய்தார்கள். 1932இல் தொடங்கிய ஃபொன்தானா ஆர்த்தே, 1939இல் ஜீனோ சர்ஃபாத்தி தொடங்கிய ஆர்த்தெலூச்சே, 1946இல் புரூனோ கத்தா தொடங்கிய ஸ்டில்னோவோ ஆகியவை இதில் பேர்போன நிறுவனங்கள். கண்ணாடிக்குப் பெயர் பெற்றது வெனிஸுக்கு அருகிலுள்ள முரானோ தீவு. தீ விபத்துக்குப் பயந்து 1291இல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை அங்கு மாற்றியது. அத்தொழில் இன்றும் அங்கே நடக்கிறது.

இனி வியாபாரத்துக்கு வருவோம். விலைப்பட்டியலில் ‘ஸ்டில்னோவோ’ என்று எழுதுவது வேறு, ‘ஸ்டில்னோவோ பாணி’ என்று எழுதுவது வேறு. முதலாவது, அந்த நிறுவனம் செய்தது என்ற பொறுப்பை விற்பவர் ஏற்பதாகும். இரண்டாவதில் அந்தப் பொறுப்பு இல்லை. இந்த ஒரு சொல்லில்தான் விலையின் பெரும் பகுதி தங்கியிருக்கிறது. பற்றுச்சீட்டில் எது எழுதப்படுகிறது என்று பார்த்துத்தான் நான் பணத்தை எடுப்பேன்.

சரக்கையும் சோதிக்க வேண்டும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு மட்டுமே. கையால் ஊதிய கண்ணாடியில் கனம் சற்றுக் கூடிக் குறையும். அச்சில் வார்த்ததில் பொருத்துக் கோடு தெரியலாம். நிறுவனத்தின் முத்திரை இருந்தால் நல்லதுதான். ஆனால் ஒட்டிய சீட்டை மட்டும் நம்பக் கூடாது, அதைப் பின்னாலும் ஒட்டலாம். பழைய வடிவங்கள் சில இன்றும் தயாரிக்கப்படுகின்றன. மாக்ஸ் இங்ராண்ட் 1954இல் வடிவமைத்த ஃபொன்தானா மேசை விளக்கு அப்படியானது. ஆகவே வடிவம் பழையது என்பதால் விளக்கும் பழையது என்று ஆகிவிடாது.

பித்தளை மங்கியிருக்கிறதே என்று பளபளக்கத் தேய்த்து விடாதீர்கள். அந்த மங்கல்தான் அதன் வயதுக்குச் சாட்சி. சேகரிப்பவர்கள் அதற்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். சோடியாக இருந்தால் பிரிக்காதீர்கள். தனி விளக்கின் விலையை இரண்டால் பெருக்குவதை விட சோடிக்குக் கூடுதலாகவே கிடைப்பதுண்டு. கண்ணாடி உடைந்திருந்தால் அதே மாதிரி இன்னொன்று தேடுவது சிரமம். அதைக் கணக்கில் வைத்தே விலை பேசுங்கள்.

முக்கியமான ஒன்று மின்சாரம். இத்தகைய பழைய விளக்குகள் பலவற்றில் ஏர்த் வயர் இருப்பதில்லை. உடம்பு முழுவதும் உலோகம் என்பதால், உள்ளே வயரின் உறை வெடித்திருந்தால் தொட்டவருக்கு ஆபத்து. தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு வயரையும் ஹோல்டரையும் மாற்றி, ஏர்த் கொடுத்த பிறகே விற்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு விளக்கோடு கொடுங்கள். என்ன மாற்றப்பட்டது என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதிவிடுங்கள். மறைத்து விற்றால் ஒரு தடவை இலாபம்; சொல்லி விற்றால் அதே வாடிக்கையாளர் அடுத்த தடவையும் நம்மிடமே வருவார்.