சரளி வரிசைக்கு எத்தனை தட்டு?

சரளி வரிசையின் முதல் வரி. மாயாமாளவகௌளை, ஆதி தாளம், ஏறுமுகமாக எட்டு ஸ்வரம். பாட்டு வகுப்பில் சேர்ந்த குழந்தை முதல் மாதத்திலேயே பாடிவிடும். இதையே ஓர் இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுப்பது 1977இல் பெரும்பாடு.

அந்த ஆண்டு ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் எம்சி-8 மைக்ரோகம்போஸர் என்ற சீக்வென்ஸரை, அதாவது ஸ்வரங்களை நினைவில் வைத்து வரிசையாக வாசிக்க வைக்கும் கருவியை, வெளியிட்டது. நினைவகம் 16 கிலோபைட். ஸ்வரத்தை உள்ளே செலுத்த, கால்குலேட்டரில் இருப்பதுபோல எண் பொத்தான்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று எண்கள் வேண்டும்: அதன் உயரம், அடுத்த ஸ்வரம் எவ்வளவு நேரம் கழித்து வர வேண்டும், இந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும். சட்ஜமத்தை 0 என்று வைத்துக்கொண்டால் சுத்த ரிஷபம் 1, அந்தர காந்தாரம் 4, சுத்த மத்யமம் 5, பஞ்சமம் 7, சுத்த தைவதம் 8, காகலி நிஷாதம் 11, மேல் சட்ஜமம் 12. தாளத்தின் ஒரு தட்டை 48 பங்காகப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி 48. ஒலிக்கும் நேரம் 40 என்றால் ஸ்வரங்கள் சற்று விட்டு விட்டுக் கேட்கும். 48 என்றால் ஒட்டிக்கொள்ளும். எட்டு ஸ்வரத்துக்கு ஆக மொத்தம் 24 எண்கள். கரன்ட் போனால் எல்லாம் போச்சு. முன்கூட்டியே கேசட்டில் ஏற்றி வைத்திருந்தால் தப்பித்தது.

டோக்கியோவில் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா இசைக்குழுவுக்கு இதுபோன்ற எண்களை உள்ளிட்டுக் கொடுத்தவர் ஹிதேகி மட்சுடாகே. குழுவில் மூன்று பேர்தான். ஆனால் இவரை நான்காவது உறுப்பினர் என்றே ரசிகர்கள் சொன்னார்கள். அது உபசார வார்த்தை இல்லை. ஒலிக்கும் நேரத்தை 40இலிருந்து 36க்குக் குறைத்தால் தாளம் எப்படித் துள்ளும் என்பது அந்த வேலையைச் செய்கிறவருக்குத்தான் தெரியும்.

நம் ஊரில் அப்போதும் பின்னரும் வேகமான கருவி பேனாதான். இளையராஜா எந்த வாத்தியத்தையும் தொடாமல் ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதித் தள்ள, அதைப் பிரதி எடுத்து வயலின்காரர், புல்லாங்குழல்காரர் முன்னால் வைப்பார்கள். 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் அவரே சீக்வென்ஸரையும் பயன்படுத்தினார். ஆனாலும் கையெழுத்துத் தாள் ஓய்வு பெறவில்லை.

அடுத்து மவுஸ் வந்தது. மின்னணு வாத்தியங்களைக் கணினியோடு பேசவைக்கும் மிடி இணைப்புகளோடேயே பிறந்த அட்டாரி எஸ்டி கணினி, 1989இல் அதில் வந்த க்யூபேஸ் இசை மென்பொருள் என்று திரை பெரிதாகப் பெரிதாக, ஸ்வரங்களைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பிடித்து இழுக்கலாம், பென்சில் குறியால் வரையலாம். எண்களைக் கண்டு மிரண்டவர்களும் உள்ளே வந்தார்கள். கற்பது சுலபமானது, வேலை மெதுவானது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கை மவுஸுக்குப் போய், குறி பார்த்து, சொடுக்கி, அரை ஸ்வரம் தள்ளி விழுந்ததைத் திரும்ப இழுத்து... மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இதுதான் நவீனம். என்னைக் கேட்டால், எம்சி-8 காலத்துக்கும் இன்றைக்கும் நடுவில் ஏற்பட்ட ஒரு சறுக்கல்.

மவுஸைச் சட்டை செய்யாத ஒரு கூட்டமும் இருந்தது. 1987இல் அமீகா கணினிக்காகக் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி எழுதிய அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர் மென்பொருளும் அதன் வாரிசுகளும் கணினிக் கீபோர்டையே பியானோ ஆக்கின. கீழ் வரிசை எழுத்துகள் வெள்ளைக் கட்டைகள், அதற்கு மேல் வரிசை கறுப்புக் கட்டைகள், அதற்கும் மேலே அடுத்த ஸ்தாயி. நம் சரளி வரிசை அதில் இசட், எஸ், சி, வி, பி, எச், எம், க்யூ. எட்டு ஸ்வரம், எட்டே தட்டு. எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருளில் இன்றும் இதே எழுத்துகள்தான். லாஜிக், ஏபிள்டன் மென்பொருள்கள் இரண்டிலும் ‘ஏ’யில் தொடங்கும் நடு வரிசைக்கு மாற வேண்டும்.

மியூஸ்ஸ்கோர் போன்ற நொட்டேஷன் மென்பொருளில் கணக்கு வேறு. ‘என்’ தட்டினால் எழுதும் நிலை வரும். 5 தட்டினால் தாளத்தின் ஒரு தட்டு நீளம். பிறகு சி, டி, கீழ் அம்புக்குறி, ஈ, எஃப், ஜி, ஏ, கீழ் அம்புக்குறி, பி, சி. அம்புக்குறி ஸ்வரத்தை அரைப்படி இறக்கிச் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் ஆக்குகிறது. மொத்தம் 12 தட்டு. நீளமும் சேர்ந்தே எழுதப்பட்டுவிடுகிறது. தப்பாகத் தட்டினால் கன்ட்ரோல் இசட்.

ஒரு தொல்லை உண்டு: நொட்டேஷன் மென்பொருளுக்கு மென்பொருள் எண் மாறும். அதே ஒரு தட்டு நீளத்துக்கு சிபேலியஸில் 4, ஃபினாலேயிலும் மியூஸ்ஸ்கோரிலும் 5, டோரிகோவில் 6. 1988இல் பிறந்த ஃபினாலேயை இனி வளர்க்கப்போவதில்லை என்று 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனம் அறிவித்து, டோரிகோவுக்கு மாறச் சொன்னது. கோப்புகளை மாற்ற வழி இருக்கிறது. 5ஐத் தேடியே பழகிய விரலை என்ன செய்வது? நல்லவேளையாக, ஷார்ட்கட்டை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள இப்போதைய மென்பொருள்கள் பெரும்பாலும் இடம் கொடுக்கின்றன.

வேகத்துக்கு விலையும் உண்டு. கணினிக் கட்டையை ஓங்கி அடித்தாலும் வருடினாலும் ஒரே சத்தம். அழுத்தத்தைப் பிறகுதான் சரிசெய்ய வேண்டும். கமகம் இன்னும் சிரமம். வழக்கமான மிடி அமைப்பில், ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டின் எல்லை மேலும் கீழும் இரண்டு அரை ஸ்வரம். அதைத் தாண்டிய இழுப்புக்கு எல்லையை மாற்றி, வளைவைக் கையால் வரைந்தாக வேண்டும். அதற்குள் ஒரு வீணைக் கலைஞர் வந்து வாசித்துவிட்டு காபியும் குடித்துப் போய்விடுவார்.

இன்னொரு சங்கடம் கன்ட்ரோல் டி. க்யூபேஸிலும் ஏபிள்டனிலும் தேர்ந்தெடுத்ததை அப்படியே இன்னொரு முறை ஒட்டிவிடும் ஷார்ட்கட் அது. நான்கு பார் எழுது, கன்ட்ரோல் டி, கன்ட்ரோல் டி, பாட்டு முடிந்தது. எட்டாவது முறை அதே சொற்றொடர் வரும்போது எங்கேயாவது ஒரு ஸ்வரம் நகர்ந்திருக்க வேண்டும் என்று காது எதிர்பார்க்கும். எம்சி-8இலும் திரும்பச் சொல்ல வசதி இருந்தது, உண்மைதான். ஆனால் 24 எண்களை உள்ளிட்டவனுக்கு அந்த வரி மனப்பாடம் ஆகியிருக்கும். எதை மாற்றலாம் என்ற யோசனையும் கூடவே வரும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் நூறு ஷார்ட்கட் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டாம். மியூஸ்ஸ்கோர் இலவசம். ஸ்வர எழுத்துகள், நீளத்துக்கான எண்கள், இரண்டு அம்புக்குறிகள், கன்ட்ரோல் இசட் போதும். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு சரளி வரிசையையே எழுதிப் பாருங்கள். முதல் காலத்துக்கு 5, இரண்டாம் காலத்துக்கு 4, மூன்றாம் காலத்துக்கு 3.