தோணிப் பலகைகளை எப்பொக்சியால் பொருத்துதல்

வயலை விட்டு வந்து களப்புக் கரையில் குடியிருப்பவர்கள் ஒரு சிறு தோணி செய்ய நினைத்தால், பலகையைவிடப் பொருத்துக்களே அவர்களைத் தயங்க வைக்கும். எமது முன்னோர் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்குகளைக் கலப்பத்துச் செய்து அடைத்தார்கள். நல்ல தொழில்தான், ஆனால் கை பழக ஆண்டுகள் செல்லும். எப்பொக்சிப் பசை அவ்வளவு தேர்ச்சியைக் கேட்பதில்லை. சிறு இடைவெளியையும் அதுவே நிரப்பிக்கொள்ளும். பதிலுக்குச் சரியான அளவையும் காய்ந்த மரத்தையும் கேட்கும்.

எப்பொக்சி இரண்டு போத்தல்களில் வரும். ஒன்று ரெசின், மற்றது அதை இறுக வைக்கும் ஹாட்னர். சில வகைக்கு ஐந்து பங்குக்கு ஒன்று, சில வகைக்கு இரண்டுக்கு ஒன்று. போத்தலில் எழுதியிருப்பதே கணக்கு. பைபர்கிளாஸ் வேலையில் பழகியவர்கள் இங்கேதான் பிழை விடுவதுண்டு. அவர்கள் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசினில் மருந்து சில துளி கூடினால் விரைவாக இறுகும், குறைந்தால் சுணங்கும். எப்பொக்சி அப்படியல்ல. இரு பகுதிகளும் ஒன்றோடொன்று இணைந்தே இறுகுகின்றன. ஹாட்னர் கூடினால் மிஞ்சியது சேர இடமின்றி உள்ளே கிடக்கும். எத்தனை நாள் வைத்தாலும் பொருத்துக்கு முழுப் பலம் வராது. கரையில் நிற்கும்போது இது தெரிவதில்லை. களப்பின் நடுவில், பிள்ளைகளும் ஏறியிருக்கும்போது தெரியவரும்.

ஆகவே கண்மட்டத்தில் ஊற்றாமல் அளந்து, கோப்பையின் அடியையும் ஓரத்தையும் வழித்து இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்க வேண்டும். வெயிலில் கோப்பை நிறையக் கலந்தால் சூடேறிப் புகைந்து வீணாகும். தட்டையான பாத்திரத்தில் பரப்பினால் சூடு ஆறும்.

நெல்லை ஈரத்தோடு மூட்டை கட்டினால் என்ன ஆகுமென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரத்தின் ஈரம் 12 சதவீதமளவில் இருப்பது நல்லது. ஒரு துண்டை நிறுத்து, எடை மேலும் குறையாத வரை அடுப்புச் சூட்டில் கருகாமல் காயவைத்து, மீண்டும் நிறுங்கள். 112 கிராம் 100 ஆனால் ஈரம் 12 சதவீதம்.

பொருத்தும்போது இரு முகங்களிலும் முதலில் வெறும் எப்பொக்சியைப் பூசுங்கள். பலகையின் வெட்டுமுனை அதிகம் குடிக்கும், அங்கே திரும்பவும் பூச வேண்டும். பின்னர் அரிதட்டில் அரித்த காய்ந்த மரத்தூளை எப்பொக்சியில் சேர்த்து, வடைமாப் பதத்தில் தடவிப் பொருத்துங்கள். பலங்கொண்ட மட்டும் நெருக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கிவிடும். அளவாக நெருக்கினால் போதும்.

கையுறை அவசியம். தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் பிறகு இந்த வேலையே செய்ய முடியாமற் போகும். பட்ட இடத்தைத் தின்னரால் அல்ல, சவர்க்காரத்தால் கழுவுங்கள். இறுகிய எப்பொக்சி வெயிலைத் தாங்காது, மேலே வர்ணம் பூச வேண்டும்.

தைத்தோ கலப்பத்துச் செய்தோ ஓடிய பழைய வள்ளத்தின் இடுக்குகளை எப்பொக்சியால் அடைக்க வேண்டாம். அதன் பலகைகள் நனைந்து பருத்தும் காய்ந்து சுருங்கியும் அசைபவை, பொருத்து வெடித்துவிடும்.

புதுத் தோணியில் கை வைக்குமுன் இரண்டு கழிவுத் துண்டுகளை ஒட்டி, சில நாட்களின் பின் சுத்தியலால் அடித்துப் பிரியுங்கள். மரம் கிழிந்தால் வேலையைத் தொடங்கலாம். பசைக்கோட்டில் பிரிந்தால் அளவையும் ஈரத்தையும் மறுபடி பாருங்கள்.