ஓடுபாதையில் பறந்த வீட்டுக் கார்கள்

புது தில்லி: விண்டேஜ் கார் அணிவகுப்புகள் தலைநகருக்குப் புதியவை அல்ல. ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் 1964-ல் தொடங்கிவைத்த அந்த வழக்கம், சமஸ்தான அரண்மனைகளுக்குள் அடைபட்டிருந்த கார்களைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது. அங்கு பரிசு பெற விரும்பும் கார், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தபடியே இருக்க வேண்டும். விளக்கு, இருக்கைத் தோல், சக்கரக் கம்பி என ஒவ்வொன்றும் அசல்தானா என்று நடுவர்கள் குனிந்து பார்ப்பார்கள்.

இந்த அளவுகோலுக்குள் ஒருபோதும் அடங்காத வேறொரு வகைக் கார் இந்தியாவில் இருந்தது. பின் இருக்கை பிடுங்கப்பட்டு, பம்பர் கழற்றப்பட்டு, கதவில் பெரிய எண் எழுதப்பட்ட அம்பாசிடர் அது. அல்லது அதே கோலத்தில் நின்ற ஃபியட். வார நாளில் அலுவலகத்துக்கும் சந்தைக்கும் சென்ற கார், விடுமுறை நாளில் விமான ஓடுபாதையில் பந்தயம் ஓடியது. 1950-களிலிருந்து 1980-களின் இறுதி வரை இந்தியாவின் கார் பந்தயம் என்பது பெருமளவு இதுதான். அந்தக் கார்களை வரலாறும் சட்டமும் இன்று ஒருசேரக் கைவிட்டுக் கொண்டிருக்கின்றன.

கடையில் வாங்கிய காரையே திருத்திப் பந்தயத்தில் ஓட்டுவது உலகுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஊர்ப்புறத்துச் சிறிய வட்டத் தடங்களில் வளர்ந்த ‘ஸ்டாக் கார்’ பந்தயத்தின் அடிப்படையும் அதுவே. அங்கு 1948-ல் ‘நாஸ்கார்’ என்ற அமைப்பே அதற்காக உருவாயிற்று. இந்தியாவில் வட்டத் தடம் அமைக்க யாரிடமும் பணமில்லை. ஆனால், இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற ஓடுபாதைகள் இருந்தன.

போர் விட்டுச்சென்ற தடம்

பர்மா ஜப்பானியர் வசமான பிறகு, இந்தியாவின் கிழக்குப் பகுதியிலும் தென்பகுதியிலும் நேச நாட்டுப் படைகள் அவசர அவசரமாக விமானத் தளங்களை அமைத்தன. போர் முடிந்ததும் அவற்றில் பல வேலையற்றுக் கிடந்தன. கல்கத்தாவுக்கு வடக்கே, 1857 எழுச்சியில் மங்கள் பாண்டேயின் பெயரால் வரலாற்றில் இடம்பெற்ற பாரக்பூரில் ஒரு விமானத் தளம் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் ‘டி’ எழுத்து வடிவில் ஓடுபாதை கிடந்தது. பம்பாயில், போருக்கு முன்பே 1928-ல் தொடங்கப்பட்ட ஜூஹு விமான நிலையம் இருந்தது. கார் வைத்திருந்தவர்களின் கண்கள் இவற்றின் மீது விழுந்ததில் வியப்பில்லை.

1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தைத் தன் களமாக்கிக் கொண்டது. கல்கத்தாவின் கிளப்காரர்கள் பாரக்பூருக்குச் சென்றனர். ஓடுபாதை என்பது நேர்கோடு. பந்தயத்துக்கோ வளைவு வேண்டும். காலித் தார் பீப்பாய்களையும் வைக்கோல் கட்டுகளையும் அடுக்கி வளைவுகளை உண்டாக்கினார்கள். பார்வையாளருக்கும் காருக்கும் இடையே பல இடங்களில் இருந்தது ஒரு கயிறு மட்டுமே. இன்றைய பாதுகாப்பு விதிகளின்படி இவற்றில் ஒரு தடத்துக்கும் அனுமதி கிடைத்திருக்காது. அந்தக் காலத்தை ஏக்கத்தோடு நினைவுகூர்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றே கார்கள்

பந்தயத்தின் தன்மையைத் தீர்மானித்தது ஓட்டுநர்கள் அல்ல. தில்லியின் தொழில் கொள்கை. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கார் நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்ற நிலையை 1953-ல் மத்திய அரசு எடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கார் பூட்டும் தொழிலை மூடிவிட்டுப் போயின. எஞ்சியவை மூன்று: கல்கத்தாவை அடுத்த உத்தரப்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையில் ஸ்டாண்டர்டு. அம்பாசிடர், ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற மூன்று பெயர்களுக்குள் ஒரு நாட்டின் கார் உலகம் அடங்கிப்போனது. ஃபியட்டுக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம்.

லைசென்ஸ் ராஜ்யத்தின் குறைகளைப் பட்டியலிடுவோர், அது தன்னையறியாமல் செய்த ஒரு காரியத்தைக் கவனிப்பதில்லை. எல்லோரிடமும் ஒரே கார் இருந்ததால், வேறுபாடு பணப்பையில் மட்டும் இல்லாமல் பட்டறையிலும் இருந்தது. அம்பாசிடரின் என்ஜின் 1489 சி.சி., பிரிட்டனின் மோரிஸ் வழி வந்தது. ஃபியட்டினுடையது 1089 சி.சி. இரண்டுமே வேகத்துக்காகப் பிறந்தவை அல்ல. அவற்றிலிருந்து கூடுதல் சக்தியைப் பிழிந்தெடுப்பது மெக்கானிக்கின் கையில் இருந்தது.

சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை மெல்லிய அளவு சீவி எடுத்தால் அழுத்தம் கூடும்; சற்று அதிகமாகச் சீவினால் கேஸ்கெட் வெடிக்கும். காற்றும் பெட்ரோலும் நுழையும் வழிகளை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்துவார்கள். எடையைக் குறைக்கக் கண்ணாடி, இருக்கை, தரை விரிப்பு அனைத்தும் வெளியே வரும். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியைத் தாழ்த்துவார்கள். வெளிநாட்டு உதிரி பாகத்துக்கு இறக்குமதி உரிமம் கிடைக்காது என்பதால், தேவையானதை லேத்தில் கடைந்தே தீர வேண்டும். பல இடங்களில் தொழிற்சாலைப் பராமரிப்புப் பட்டறைகளே பந்தயப் பட்டறைகளாகவும் மாறின. கோவையில் அது ஒரு மரபாகவே வேர்விட்டது.

இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்கள் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படவில்லை. கோப்பை, காரின் சொந்தக்காரருக்குத்தான். அவர்கள் யார் என்பதிலும் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கல்கத்தாவில் பிரிட்டிஷ் நிறுவன அதிகாரிகள், தெற்கே ஆலை முதலாளிகளின் பிள்ளைகள், தோட்டத் துரைகள், ராணுவ அதிகாரிகள், முன்னாள் சமஸ்தானத்தார். குஜராத்தின் கோண்டல் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஜோதேந்திரசிங்ஜி சோழவரத்தில் புகழ்பெற்ற பெயர். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, என்சைன் என்ற பார்முலா ஒன் காரையே அங்கு கொண்டுவந்து ஓட்டினார். அம்பாசிடர் ஓட்டியவனும் எளியவன் அல்லன். அந்நாளில் கார் வைத்திருப்பதே செல்வத்தின் அடையாளம்.

ஆயினும், கூட்டம் வேறு. ரயிலிலும் லாரியிலும் சைக்கிளிலும் ஆயிரக்கணக்கில் வந்து வெயிலில் நின்றவர்கள், தாங்கள் ஒருபோதும் வாங்கப் போகாத காரைப் பார்க்க வந்தவர்கள்தான். ஆனால், அவர்களில் பலர் டாக்சி ஓட்டுநர்களாகவும் பட்டறைத் தொழிலாளிகளாகவும் அந்தக் காரின் உள்ளும் புறமும் அறிந்தவர்கள். தினமும் தாம் ஓட்டும் அம்பாசிடர், வளைவில் ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்ப விரைவதைப் பார்ப்பதில் கிடைத்த மகிழ்ச்சி, வெளிநாட்டுக் காரைப் பார்ப்பதில் கிடைப்பதல்ல. இடையிடையே புல்லட், ஜாவா, ராஜ்தூத் மோட்டார் சைக்கிள்களும், ஸ்கூட்டர்களும்கூடப் பந்தயம் ஓடின.

எப்போது மறைந்தது?

ஒரே நாளில் அல்ல. கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் நிறுவனங்கள் விலக விலக, பாரக்பூரின் கூட்டம் மெலிந்தது; 1970-களுக்குப் பிறகு பந்தயத்தின் மையம் தெற்கே நகர்ந்துவிட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கோவையைச் சேர்ந்த கரிவர்தன் அதன் என்ஜினைக் கொண்டே 1980-களின் இறுதியில் ‘பார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயம் பழக அது வழிவகுத்தது. கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் உயிரிழந்தார். டயர் நிறுவனங்களின் விளம்பரப் பணம் வந்தது. சென்னை கிளப், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனத் தடம் அமைத்து, 1990-ல் சோழவரத்தை விட்டு வெளியேறியது. அத்துடன் ஓடுபாதைக் காலம் முடிந்தது.

அந்த ஓடுபாதைகள் வீண்போகவில்லை என்பதற்குச் சான்று உண்டு. 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், 2010-ல் பங்கேற்ற கருண் சந்தோக் ஆகிய இருவரின் தந்தையரும் அந்தக் காலப் பந்தயக்காரர்கள்.

விளையாட்டா, கேளிக்கையா?

பிறகு அரசே பந்தயத்தின் மீது ஆர்வம் கொண்டது. கதை இங்குதான் திரும்புகிறது. உத்தரப் பிரதேசத்தின் கௌதம புத்த நகர் மாவட்டத்தில், யமுனா விரைவுச் சாலை ஆணையம் ஜேபி குழுமத்துக்கு ஒதுக்கிய 1,000 ஹெக்டேர் நிலத்தின் ஒரு பகுதியில் 5 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள புத்தா சர்வதேசத் தடம் எழுந்தது. அதே மாவட்டத்தின் பட்டா பர்சோல் கிராமத்தில் நிலம் கையகப்படுத்தியதை எதிர்த்து 2011 மே மாதம் நடந்த மோதலில் போலீஸாரும் விவசாயிகளுமாக நால்வர் உயிரிழந்ததும், ராகுல் காந்தி மோட்டார் சைக்கிளில் அங்கு சென்றதும் அரசியல் நோக்கர்களுக்கு நினைவிருக்கும். ஐந்து மாதங்கள் கழித்து, அக்டோபர் 30-ல் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தது.

அதற்கு முன்பே 2009-ல், பந்தய உரிமையாளர்களுக்கு 3.65 கோடி டாலரை அனுப்ப அனுமதி கேட்டபோது, மத்திய விளையாட்டு அமைச்சகம் மறுத்தது. அப்போது அமைச்சராக இருந்தவர் எம்.எஸ். கில். பார்முலா ஒன் என்பது வணிகக் கேளிக்கையே, விளையாட்டு அல்ல என்பது அமைச்சகத்தின் வாதம். மாயாவதி தலைமையிலான மாநில அரசோ அதற்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றது; டிக்கெட் வசூலில் 25 சதவீதத்தைத் தனிக் கணக்கில் செலுத்துமாறு 2011 அக்டோபரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. தில்லிக்குக் கேளிக்கை, லக்னெளவுக்குக் கேளிக்கை வரி வேண்டாத ஒன்று!

மூன்று ஆண்டுகள் மட்டுமே அந்தப் பந்தயம் நடந்தது. மூன்றிலும் ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். 2013-க்குப் பின் அது திரும்பவில்லை. பார்முலா ஒன் நிறுவனம் இந்தியாவில் வருமான வரி செலுத்தக் கடமைப்பட்டது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலுவைத் தொகைக்காக 2020 பிப்ரவரியில் நில ஒதுக்கீடு ரத்தானது. அதை 2025 மார்ச்சில் அலாகாபாத் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. ஹைதராபாதில் 2023 பிப்ரவரியில் நடந்த மின்சாரக் கார் பந்தயமும் இதே வழியில், முன்னாள் அமைச்சர் கே.டி. ராமாராவ் மீது 2024 டிசம்பரில் பதிவான ஊழல் தடுப்பு வழக்கில் வந்து நின்றது.

சோழவரமும் பாரக்பூரும் அரசிடம் பெற்றது, சில நாள்களுக்கு ஓர் ஓடுபாதை. நிலம் கேட்கவில்லை, வரிவிலக்கு கேட்டு வழக்குக்கும் போகவில்லை. ஆண்டுதோறும் கூட்டம் தானாக வந்தது.

சட்டத்தில் இல்லாத வகை

இப்போது எஞ்சியிருப்பவை கார்கள் மட்டுமே. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபருடன் மும்பை வீதிகளிலிருந்து விடைபெற்றன. பழைய வாகனங்களை உடைத்து அகற்றும் கொள்கையை மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிவைத்தது. அதற்கு முந்தைய மாதம், 50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குப் பாதுகாப்பளிக்கும் வகையில் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. 20,000 ரூபாய் கட்டணத்தில் தனிப் பதிவு எண் பெறலாம். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டிச் செல்லலாம்.

விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வாகனம் அதன் அசல் வடிவத்திலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும்; சேசிஸ், வெளிக்கூடு, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெரிய திருத்தம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது. மகாராஜாவின் ரோல்ஸ் ராய்ஸ் இந்தத் தேர்வில் எளிதாகத் தேறும். ஹெட் சீவப்பட்டு, இரண்டு கார்புரேட்டர் பொருத்தப்பட்டு, உட்புறம் வெறும் தகரமாக நிற்கும் 1960-களின் ஹெரால்டு தேறாது. அதன் மதிப்பே அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. பெயர் பொறிக்கப்படாத மெக்கானிக்கின் கையெழுத்தும் அதுவே.

பந்தயக் கார் என்ற வரலாற்றுப் பொருளுக்குத் தனி வகை எதுவும் விதிகளில் இல்லை. உரிமையாளருக்கு எஞ்சும் வழிகள் இரண்டு. திருத்தங்களைக் கழற்றிவிட்டு, உதிரி பாகம் தேடிப் பிடித்து, காரை மீண்டும் தொழிற்சாலைக் கோலத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. சாலைக்கே எடுக்காமல், கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பது மற்றொன்று.